அண்ணன் கருவிகளுக்கு ஒரு ஸ்டாண்டு

அண்ணன் இறந்த பதினெட்டாம் நாள் மதினி ஒரு குட்டியானை வேனில் வந்து இறங்கினார். டிரைவர் பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். வண்டியின் பின்னால் நான்கு சாக்கு மூட்டைகளும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒங்கண்ணே சாமான். ஒனக்குக் குடுக்கச் சொன்னாக” என்றார்.

“எனக்கா?”

“ஒனக்குத்தான். ஆஸ்பத்திரியில இருக்கையிலயே சொல்லிட்டாக.”

டிரைவரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கி நடையில் வைத்தார்கள். உள்ளே இரும்போடு இரும்பு மோதியது. மதினியைக் காபி குடிக்கச் சொன்னேன். வண்டி நிற்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். ஏறப்போனவரிடம் கேட்டேன்.

“எனக்கு எதுக்கு மதினி இதெல்லாம்?”

“நானும் அதையேதான் கேட்டேன். அவதான் எதையும் தூக்கிப் போட மாட்டான்னாக.”

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்டதை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். வண்டி தெருமுனையில் திரும்பிப் போனது. நான் மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

எனக்கும் அண்ணனுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் சாணார்பட்டியில் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டிவந்தவர். நான் திண்டுக்கல்லில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டபோது ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், உறுதியில்லை என்று டாக்டர் சொன்னார். வயதான உடம்பைக் கிழிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றார் அண்ணன். நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். வார்டுக்கு வெளியே, ஆட்கள் போய்வருகிற இடத்தில் நின்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “கையெழுத்துப் போட்டது நீதானே. நீயே தூக்கிட்டுப் போ.”

சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் கொள்ளி வைத்ததும் அவர்தான். ஆனால் கருமாதி முடிந்த பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை, நானும் போகவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். மதினி மட்டும் வந்து மொய் எழுதிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. இறந்த செய்தி வந்ததும் போனேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் வைத்திருந்த அண்ணன் படத்துக்கு யாரோ அவசரமாக பிரேம் போட்டிருந்தார்கள். கீழ் இடது மூலையில் சட்டம் சேராமல் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. ரொம்ப நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு வராமல் வேறு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூட்டைகள் நடையிலேயே மூன்று வாரம் கிடந்தன. ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒரு மூட்டையில் காலை இடித்துக்கொண்டு பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார்.

“ஒண்ணு பிரிச்சு வையி. இல்லைன்னா இரும்புக் கடையில போட்டுட்டு வந்துருவோம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னார்.

அன்றைக்குப் பிரித்தேன். சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பல் சக்கரம் வைத்த கை டிரில். ஒரு முழ நீளத்துக்கு மர இழைப்புளி. கைபட்டுக் கைபட்டுப் பிடி வழுவழுவென்று இருந்தது. பித்தளை ரசமட்டம், அதன் கண்ணாடிக்குள் குமிழி இன்னும் ஓடியது. மண்ணெண்ணெயில் எரியும் ஊதுவிளக்கு. தோல் பதனிடும் ஷாப்பில் தோல் சீவுகிற பிறைக்கத்தி. பூட்டு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னச் சின்ன அரங்கள், ஒரு துணியில் சுருட்டியபடி. தண்டவாள வேலைக்கான ஸ்பேனர் ஒன்று, என்னால் ஒரு கையில் தூக்க முடியவில்லை. மொத்தம் நாற்பத்தேழு. அண்ணன் இதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் இந்தப் பழக்கம் கிடையாது.

ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. காயிலுக்கு இடையில் வைக்கிற மஞ்சள் தாளை நறுக்கி, செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். அவருடைய பெரிய, சாய்ந்த எழுத்து. ‘சேவுகம்பட்டி. செங்கல் சூளைக்காரர் சும்மா கொடுத்தார். பிடி நான் போட்டது.’ ‘பழைய இரும்புக் கடை. எடைக்கு எடுத்தது.’ ‘ஆத்தூர். மூன்றாம் தடவை போனபோது கொடுத்தார்கள். நல்ல மழை.’ நாற்பத்தேழு சீட்டுகளையும் படித்தேன். எதில் என்னைப் பற்றி எழுதியிருக்கும் என்று தேடித்தான் படித்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் திரும்பச் சாக்கில் போடக் கை போனது. அப்படியே விட்டுவிட்டு உலை வைக்கப் போனேன்.

ஸ்டாண்டு அடிக்கலாம் என்று முடிவு செய்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தரையில் கிடக்கும் சாமானுக்கு ஓர் இடம் வேண்டும். எனக்கு மரம் அறுக்கத் தெரியும். அவ்வளவுதான்.

பழைய கதவு, நிலை விற்கிற பாயிடம் போனேன். பிரேமுக்குச் சட்டம் வாங்கி முப்பது வருடப் பழக்கம். இடித்த வீடுகளிலிருந்து வந்த மரங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

“என்ன செய்யப் போறீங்கக்கா?”

“பழைய சாமான் அடுக்க ஒரு ஸ்டாண்டு.”

“கண்ணாடி போட்டதா, தொறந்ததா?”

“தொறந்தது. வெயிட்டு ஜாஸ்தி பாய். இரும்பு.”

“அப்ப பிளைவுட்டு பக்கமே போகாதீங்க. இந்தா, தேக்குக் கதவு. பழசு, இனிமே வளையாது.” ஒரு பலகையைத் தட்டிக் காட்டினார். “யாரு சாமான்?”

“எங்க அண்ணனோடது.”

“அண்ணன் வெளியூர்ல இருக்காரா?”

“இறந்துட்டாரு.”

அவர் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு பலகைகளிலிருந்த பழைய ஆணிகளை அவரே பிடுங்கிக் கொடுத்தார். ஆணி பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் மரம் கத்தியது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் வைத்துச் செய்தேன். முதலில் பிரவுன் தாளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். எதை எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. அளவுப்படி அடுக்கினேன். ஊர்ப்படி அடுக்கினேன். மர வேலைக்கு உரியது ஒரு பக்கம், இரும்பு வேலைக்கு உரியது ஒரு பக்கம் என்று மாற்றினேன். எப்படி அடுக்கினாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. அண்ணனாக இருந்தால் எப்படி வைத்திருப்பார் என்று யோசித்தேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய அண்ணனைத்தான் எனக்குத் தெரியும். இதைச் சேர்த்தவர் வேறொரு ஆள். கடைசியில் கனமானதைக் கீழே, லேசானதை மேலே என்று வைத்தேன்.

ஆள் உயரத்துக்கு ஒரு முதுகுப்பலகை, கொஞ்சம் பின்னால் சாய்ந்தாற்போல. குறுக்கே நான்கு தட்டுகள். தொங்கவிட வேண்டியவற்றுக்கு மரத்திலேயே முளைகள் சீவினேன். முளைக்குத் துளை போட்டு, பசை வைத்து, துணி சுற்றிய சுத்தியலால் தட்டி இறக்கினேன். ஆணி எங்கும் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவார். ஒருநாள் தூக்குவாளியைத் திறந்தபடி கேட்டார்.

“அம்புட்டு இழைப்புளி கெடக்கு. அதுல ஒண்ண எடுத்து இழைக்கக் கூடாதா?”

“அது அவரோடது” என்றேன்.

“இப்ப ஒன்னோடதுதானே.”

தட்டை எடுத்து வைத்தேன். கத்தரிக்காய் வெஞ்சனத்தில் உப்பு இல்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தோம்.

இரண்டாவது தட்டைச் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அளவு தப்பிவிட்டது. ஊதுவிளக்கு நிற்க வேண்டிய இடத்தில் உயரம் இரண்டு விரற்கடை குறைந்தது. சட்டம் அறுப்பதே என் பிழைப்பு. அளவில் நான் தப்பியதில்லை. பசை காய்ந்துவிட்டதால் தட்டைக் கழற்ற அரை நாள் ஆனது. ஓரத்தில் ஒரு சிலும்பு பெயர்ந்து வந்தது. அதை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும். மற்ற நேரமாக இருந்தால் என்மேலேயே எரிச்சல் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. இன்னொரு ஆள் செய்த தவறைத் திருத்துவதுபோல் திருத்தினேன்.

ஐந்து ஞாயிறுகளில் ஸ்டாண்டு முடிந்தது. இரண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் பூசியதும் தேக்கு நிறம் ஏறி வந்தது. சீட்டுகளை அப்படியே விட்டுக் கருவிகளை ஏற்றினேன். வீட்டில் அவ்வளவு பெரிய சுவர் இல்லாததால் கடையிலேயே, உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் நிறுத்தினேன். வருகிறவர்கள் படத்தைக் கொடுத்துவிட்டு அங்கே போய் நிற்க ஆரம்பித்தார்கள். சிலர் விற்பதா என்று கேட்டார்கள். சிலர் ரசமட்டத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குமிழியைப் பார்த்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அறுபது வயது தாண்டிய விவசாயி ஒருவர் கண்ணாடி உடைந்த முருகன் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அளவெடுத்துக் கண்ணாடியை மேசையில் வைத்தேன். அதற்குள் அவர் ஸ்டாண்டுக்கு முன்னால் போய்விட்டார். கை டிரிலை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றினார்.

“அட, இது எங்க வீட்டுதாச்சே” என்றார்.

“நீங்க ஆத்தூரா?” டிரிலின் சீட்டில் அந்த ஊர்ப் பெயர்தான் இருந்தது.

“ஆமா. இந்தா, சக்கரத்துல ஒரு பல்லு இல்ல பாருங்க. நான் சின்னப் பிள்ளையில கீழ போட்டு ஒடைச்சேன். எங்கய்யாகிட்ட அடி வாங்குனது இதுக்குத்தான்.” சீட்டைத் தூக்கித் தூரப் பிடித்துப் படித்தார். “மழைதான் அன்னைக்கு. காயில் கட்டுறவரு ஒருத்தரு மூணு தடவ வந்தாரு. குடுக்க மனசில்லாமத்தான் ரெண்டு தடவ திருப்பி அனுப்புனேன். மூணாந்தடவ நனைஞ்சுபோய் வந்து நிக்கவும் வீட்டுல சோறு போட்டு, இதையும் குடுத்து விட்டோம். நல்ல மனுசன்.”

“என்ன பேசுனாரு?”

“என்னத்த, மோட்டாரப் பத்தித்தான். கூடப் பொறந்தவக யாரும் இருக்காகளான்னு எங்க வீட்டுக்காரி கேட்டா. ஒத்தை ஆளு, யாரும் இல்லன்னாரு.” டிரிலை முளையில் திரும்ப மாட்டினார். “அவருக்கு நீங்க என்ன வேணும்?”

“தங்கச்சி.”

அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். துண்டை உதறி மடித்தபடி, “நான் வேற யாரையாச்சும் மாத்திச் சொல்றேனோ என்னமோ” என்றார். அவர் மாற்றிச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வைர முனையால் கண்ணாடியில் கோடு போட்டேன். தட்டியபோது கோட்டை விட்டு விலகிக் குறுக்கே பிளந்தது. வேறு கண்ணாடி எடுத்தேன். அதுவும் போனது. எனக்குக் கோபம் வந்திருந்தது. யாரும் இல்லையாமா? மூன்று தடவை ஆத்தூருக்குப் போகத் தெரிந்தவருக்குத் திண்டுக்கல்லுக்கு வரத் தெரியவில்லையா? செத்துப்போன மனிதரிடம் மனசுக்குள் சண்டை போட்டேன், வாய்க்கு வந்தபடி. இத்தனை வாரங்களில் எனக்குள் ஏதாவது உணர்ச்சி வந்தது அப்போதுதான். மூன்றாவது கண்ணாடி ஒழுங்காக அறுந்தது. படத்தை மாட்டி, மூலைகளைத் தடவிப் பார்த்து விவசாயியிடம் கொடுத்தேன். போகும்போது, “வாரேன் தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மதினிக்குப் போன் போட்டேன்.

“ஒங்க வீட்டுக்காரரு வெளிய யாரும் இல்லாத ஆளுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு மதினி. தெரியுமா ஒங்களுக்கு?”

யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் மாவு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதைவிட்டு நகர்ந்து வந்தார் போல, சத்தம் குறைந்தது.

“எனக்கு ஒண்ணு தெரியணும்” என்றார். “ஒங்களுக்குள்ள அப்பிடி என்னதான் நடந்துச்சு? எத்தனையோ தடவ கேட்டுட்டேன். அவுக வாயத் தொறக்கல. நிலம் நீச்சு பிரச்சனைன்னு ஊருல பேசுறாக. எங்களுக்கு ஏது நிலம்?”

அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் மகள் கல்யாண வீட்டில் அவர் தனியாக வந்து நின்றபோதுகூட, எல்லாம் தெரிந்துதான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன். வார்டுக்கு வெளியே அண்ணன் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூட அதை அப்படியே சொன்னதில்லை. சொல்லும்போது குரல் உடையவில்லை. நடு வார்த்தையில் ஒருதடவை நின்றது, அவ்வளவுதான்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

“நீயே தூக்கிட்டுப் போன்னா சொன்னாக?”

“ஆமா.”

“இம்புட்டு வருசமா இத வச்சுக்கிட்டா இருந்தீக ரெண்டு பேரும்?”

வெளியே யாரோ பாதிக் கதவைத் தட்டி, கடை இருக்கா என்று கேட்டார்கள். இருக்கு, வாங்க என்றேன்.

“ஆளு வந்துட்டாகளா? நீ பாரு” என்றார் மதினி. “நாளைக்குக் காலையில பஸ்ஸுக்கு வாரேன். கடையிலதானே இருப்ப?”

“கடையிலதான்.”

“சோறு ஆக்காத. நான் கொண்டாரேன்.”