அண்ணனின் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்த லைனர்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, படையலில் கலந்துகொண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். முன் பக்கங்களில் மைத்துனர்களும் கூட்டாளிகளும் அண்ணனைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. நான் எழுதுவதில் அவருடைய நல்லதோடு என்னுடைய கெட்டதும் கலந்திருக்கும். பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி இருக்கிறது. அது வாத்தியார் தாமாகப் போட்டது. அம்மாவைக் கேட்டால், வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவள் வயிற்று வலி என்று வீட்டுக்கு வந்த அரை மணியில் பிறந்தான் என்பார். அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பு, நான் இடுப்புக் குழந்தை. கருமாதி முடிந்த மறுநாள் அவர் புத்தகப் பையைப் பரணில் போட்டுவிட்டு ஏரைப் பிடித்தார். என்னை மட்டும் பிறகு பள்ளிக்கூடத்தை விட விடவில்லை. காய்ச்சல் என்று நான் படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொய் என்று தெரிந்தால் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். வீட்டில் ஒருத்தியாவது பேப்பர் படிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

டிராக்டர் ஓட்டினார். பிறகு பல வருடங்கள் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். கடைசியில் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி எடுத்தார். நெல் மூட்டை, மல்லாட்டை மூட்டை, பௌர்ணமிக்கு முந்தின நாள் கிரிவலப் பாதை அடி அண்ணாமலைக் கடைகளுக்குத் தண்ணீர் கேன் என்று எதையும் ஏற்றுவார். ஆனால் அவர் பேர் வாங்கியது மாடு ஏற்றுவதில். சினை மாடு, கன்று போட்ட மாடு, முதல் முறை வண்டி ஏறும் கிடாரி, எதுவானாலும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்குவார்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வண்டியின் பின்தொட்டியில் நான்கு விரல் கனத்துக்கு ஏரி மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தானே ஏறி மிதித்து இறுக்குவார். அதன் மேல்தான் வைக்கோல். குளம்பு வைக்கோலைத் துளைத்து மணலில் ஊன்றிக்கொள்ளும். வண்டியைக் கரை மேட்டில் பின்பக்கமாக அணைத்து நிறுத்தி, மாட்டை இழுக்காமல் தானாக நடந்து ஏற விடுவார். மனிதர்களிடம் பத்து வார்த்தை பேசினால் மாட்டிடம் நூறு பேசுவார். ஓட்டுவதும் நடை வேகம்தான். பின்னால் வரும் பையன்கள் முந்திப் போகும்போது, “இன்னா மாமா, பொண்ணு அழைப்பா?” என்று கேலி செய்வார்கள். “ஆமா, பொண்ணு பின்னால நிக்குது பாரு” என்பார் அண்ணன்.

எனக்கு டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் அலுவலக வேலை கிடைத்து, அங்கேயே வீடும் கட்டினேன். புதுமனை புகுவிழாவுக்குப் பசுவும் கன்றும் வேண்டுமே. அண்ணன்தான் விடியற்காலையில் கொண்டுவந்தார். என் அலுவலகத்தார் மாட்டுக்குப் பொட்டு வைத்து, வாழைப்பழம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டார்கள். அதே பெண்கள் வாசலில் நின்ற வண்டியைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உங்க அண்ணன் மாடு ஏத்துற வண்டியா ஓட்டுறாரு என்று ஒருத்தி கேட்டாள். சும்மாதான் கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவரின் வண்டியைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். இதை எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பழைய வண்டியின் தரையை மாட்டு மூத்திரம் தின்றுவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு அண்ணன் புது வண்டி எடுத்தபோது, தரைக்குப் பாதுகாப்பாக மேலே பதிக்கிற லைனர் நான் வாங்கித் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். தங்கச்சி வாங்கிக் குடுக்குது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

டவுனில் சீட் கவரும் மேட்டும் விற்கும் பாய் ஒருவரின் கடைக்குப் போனோம். அவர் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பாக, வரி வரியாக, தூக்க இரண்டு ஆள் தேவைப்படும் ரப்பர் மேட். இன்னொன்று புள்ளி போட்ட இரும்புத் தகடு. மூன்றாவது, தொட்டிக்குள் அப்படியே உட்காரும் ஒரே வார்ப்பான பிளாஸ்டிக் லைனர். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றின் மேலும் ஏறி நின்று பார்த்தார். ரப்பரின் மேல் இரண்டு முறை குதித்தும் பார்த்தார். பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பிளாஸ்டிக்கின் மேல் கொஞ்சம் ஊற்றி, பாதத்தைத் தேய்த்தார். கால் சர்ரென்று போனது.

“மாடு ஏத்துற வண்டிக்கு ரப்பர்தாம்மா. பிளாஸ்டிக் பாக்க ஷோக்கா இருக்கும், குளம்பு நிக்காது” என்றார் பாய்.

“இனிமே இவரு மாடு ஏத்தமாட்டாரு பாய்” என்றேன் நான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்தேன். தங்கச்சி சொல்றதையே போட்டுடுங்க பாய் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

லைனரோடு இங்கிலீஷில் ஒரு பேப்பர் வந்தது. வழக்கம்போல என்னிடம் நீட்டினார். மணல், ஜல்லி ஏற்றினால் இறக்கியதும் பெருக்கித் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் தேயும் என்று அதில் போட்டிருந்தது. அவ்வளவுதான். நான் படித்துச் சொன்னது வேறு. மணலே போடக்கூடாது, போட்டால் ஒரே மாதத்தில் கிழிந்துவிடும், கம்பெனி பொறுப்பேற்காது என்றேன். மணல் இல்லாமல் அவர் மாடு ஏற்றமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சொன்னேன்.

நான் நினைத்ததுதான் நடந்தது. வேங்கிக்கால் புது வீடுகளுக்குப் பீரோ, கட்டில், பிரிட்ஜ் என்று நானே லோடு பிடித்துக் கொடுத்தேன். வண்டி மணக்க மணக்க வந்து நின்றது. அண்ணன்தான் வாடிப்போனார். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, “பீரோகிட்ட இன்னாத்த பேசறது பாப்பா?” என்றார். நான் சிரித்தேன்.

இப்படிச் சில மாதங்கள் போயின. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அடி அண்ணாமலையில் இருக்கிறார். கிரிவலப் பாதை டீக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அவர் குடும்பம் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தலைச்சன் சினை மாட்டை வாங்கியிருந்தார். சுழி பார்த்து, பல் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரே அண்ணன்தான். வேறு வண்டியில் ஏற்றமாட்டேன், நீதான் வர வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டார். அவருக்கு அண்ணனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

அன்று விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நான், திரும்ப வேங்கிக்கால் வர அதே வண்டியில் ஏற வேண்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. களத்தோரம் மணல் குவிந்திருந்தது. அண்ணன் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ரெண்டு கூடை மட்டும் போட்டுக்கட்டுமா பாப்பா?”

“போடக்கூடாதுன்னு பேப்பர்ல இருக்குணா. காசு குடுத்து வாங்கிக் குடுத்திருக்கேன்” என்றேன்.

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வைக்கோலை மட்டும் இரண்டு மடங்காகப் போட்டார்.

நான் முன் இருக்கையில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி எந்த வேகத்தில் போனது என்பதைப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். எப்போதும் போல நடை வேகம். ஒரு வளைவில் நாய் குறுக்கே வந்தது. மெல்லத்தான் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஈரப் பிளாஸ்டிக்கின் மேல் வைக்கோல் மொத்தமாக வழுக்கி, மாட்டின் பின்னங்கால்கள் இரண்டும் விரிந்துபோயின. விழுந்த சத்தம் முன்னால் கேட்டது. அண்ணன் ஓடிப்போய் ஏறி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அது எழவில்லை. இடுப்பு விலகிவிட்டது என்று கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாள் மாடும் வயிற்றுக் கன்றும் போய்விட்டன.

சித்தி வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். “உன்ன நம்பித்தானப்பா ஏத்தச் சொன்னேன்” என்று சித்தி அழுதார்.

“என் தப்புதான் சித்தி. நாய் வந்துச்சு, வேகமா இருந்துட்டேன், சடாருனு பிரேக் போட்டுட்டேன்” என்றார் அண்ணன்.

வேகமும் இல்லை, சடாரென்றும் இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். மணல் போடாதே என்று சொன்னது நான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் யாராவது ஒரு தப்பான வரி எழுதினால் கிழித்தெறிந்து சத்தம் போடுகிறவள் நான். அன்று ஊமை போல நின்றேன்.

ஊர் வாயை மூட முடியுமா? ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள் சிலர். வயசாயிடுச்சு, கண்ணு தெரியல போல என்றார்கள் சிலர். குடித்திருப்பார் என்றுகூட ஒருவர் சொன்னார். வாழ்நாளில் சாராயத்தை மோந்து பார்க்காதவரை! அண்ணன் தன் வீட்டில் நின்ற கிடாரியைச் சித்தி வீட்டில் கொண்டுபோய்க் கட்டினார். வண்டியில் ஏற்றவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பி, அவ்வளவு தூரமும் நடத்தியே கூட்டிப்போனார். அதன் பிறகு அவர் மாடு ஏற்றவில்லை. கூப்பிடவும் ஆள் இல்லை.

லைனரைக் கழற்றி எறிந்துவிடு என்று ஒருமுறை நானே சொன்னேன். “நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. கெடக்கட்டும்” என்றார். ஆசையாக வாங்கவில்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய், ஒரு கையும் ஒரு காலும் போய், நாற்பது நாள் படுத்திருந்தார். நான் தினமும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று போவேன். மாத்திரை கொடுத்தார்களா, கஞ்சி குடித்தாரா என்று அண்ணியிடம் பேசிவிட்டு வருவேன். ஒரு நாள் அவர் நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் போய்விட்டார்.

கருமாதிக்கு அந்தப் பாய் வந்திருந்தார். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாமல்தான் சொன்னார். “மாடு விழுந்த மறுநாள் அண்ணன் அந்தப் பேப்பர எடுத்துட்டு வந்தாரும்மா. படிச்சுக் காட்டுங்கன்னாரு. மணலு போடலாம், எறக்கினதும் பெருக்கிடணும், வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். பேப்பர நாலா மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு. தங்கச்சி இந்தப் பக்கம் வந்தா, நான் கேட்டதச் சொல்லாதீங்க பாய்னுட்டுப் போனாரு. ஏன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.”

எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் அந்த மூன்று வருடமும் வண்டி இன்சூரன்ஸ் பேப்பர் வந்தால் என்னிடம் கொண்டுவந்தார். பிள்ளைகளின் காலேஜ் பேப்பர் வந்தால் கொண்டுவந்தார். பக்கவாதத்துக்கு முன்னால் தலை சுற்றுகிறது என்று எடுத்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் என்னிடம்தான் நீட்டினார். நீ படிச்சவ, பாத்துச் சொல்லு பாப்பா என்றார். ஒருமுறைகூட அவற்றை வேறு யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை என்று அண்ணி சொல்கிறார். இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால், நான் நன்றாக இருந்திருப்பேன்.

மலரில் இதை எழுதப் போகிறேன் என்றதும் உறவில் சிலர் வேண்டாம் என்றார்கள். படைக்கிற நாளில் எதற்கு இந்தக் கதை என்றார்கள். அண்ணி மட்டும், “எழுதறதுன்னா முழுசா எழுது. பாதி எழுதி அவரு பேர இன்னும் கெடுக்காத” என்றார். முழுதாக எழுதிவிட்டேன் அண்ணி.

அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க நேரம் பார்க்காமல் ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், வீடு தேடி வந்து நாற்பது நாளும் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், சவாரியை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த வண்டி ஸ்டாண்டுக்காரர்களுக்கும், ஓர் உண்மையைத் தம்மை அறியாமல் என்னிடம் சேர்த்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்திக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இறப்புச் செய்தி கேட்டு முதலில் வந்தவர் அவர்தான். தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், “தங்கமான புள்ள, அந்த ஒரு நாள்தான் தவறிட்டான்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். காலடியில் உட்கார்ந்திருந்த நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அடி அண்ணாமலைக்குப் போனேன். இரண்டு முறையும் அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சித்தி, அந்த ஒரு நாளும் அண்ணன் தவறவில்லை.