சீப்பு கட்டிய நாற்பது அலமாரிகள்

டேட்டா சென்டரில் அந்த மனுஷனுக்குச் சீப்பு என்றுதான் பெயர். கேபிள்களைச் சிக்கில்லாமல் வாரி, வரிசையாகப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால், சர்வர் அடுக்கிய அலமாரி வகிடெடுத்த தலை மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷமாக அதே வேலை. வீட்டில் ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது, அது வேறு கதை.

இந்த முறை வந்தது புது ரகம். அலமாரி உச்சியிலுள்ள ஸ்விட்சையும் கீழேயுள்ள சர்வர்களையும் இணைக்கிற குட்டைச் செம்புக் கேபிள். வேகம் ஏற ஏற, செம்பு தாங்குகிற தூரம் குறையும். இது இரண்டு மீட்டர்தான். ஆனால் சுண்டுவிரல் தடிமன். கதவு சாத்த மாட்டேன் என்றது. சீப்பு விடுவாரா? பழைய மெல்லிசுக் கேபிளை மடக்குவது போலவே முனையை ஒட்டி மடக்கி, டையைக் கடைசிப் பல்வரை இழுத்தார். நாற்பது அலமாரியும் சமர்த்தாகச் சாத்திக்கொண்டன. ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை குட்டு உடைந்தது. பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் போகிற தகவலெல்லாம் பிழையோடு போய்ச் சேருகிறது. பழி விழுந்தது மச்சினன் தலையில். சீப்பின் மனைவிக்குத் தம்பி, அங்கேயே கொள்முதல் பிரிவில் வேலை. கேபிளைத் தேர்ந்தெடுத்தவன் அவன். மட்டமான சரக்கு வாங்கிவிட்டான் என்று மேனேஜர் குதித்தார். அன்றே மூன்று மணிக்கு விசாரணை. அந்தப் பெயரோடு வெளியே போனால் இந்தத் தொழிலில் எவனும் அவனைச் சேர்க்க மாட்டான்.

பன்னிரண்டு மணிக்குச் சீப்பு தனியாக ஏழாவது அலமாரியைத் திறந்தார். ஒரு கேபிளைக் கழற்றி, அதே ரகத்தில் புதிதாக ஒன்றை மடக்காமல் தொங்கவிட்டார். லேப்டாப்பில் பிழை பூஜ்யம். இன்னொன்று. பூஜ்யம். பழையதையே திரும்பச் செருகினார், எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. ஐயோ! மடக்கிய இடத்தில் நெரிபட்டு உள்ளேயிருந்த மெல்லிய கம்பிகள் நாசமாகிவிட்டன. எவ்வளவு வளைக்கலாம் என்று போட்டிருந்த தாளை, நமக்குத் தெரியாததா என்று டப்பாவோடு தூக்கிப்போட்டவரும் அவர்தான்.

மனைவி போனில் அழுதாள். "தம்பிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்க. எப்படியாவது காப்பாத்துங்க."

"ம்" என்று போனை வைத்தார்.

போய்ச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் துரத்திவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பாவி மனுஷன் அலமாரிக்கு முன்னால் பித்துப் பிடித்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

மூன்றே காலுக்குத்தான் ஓடினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மச்சினன் பேனாவைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"சார், சரக்குல குத்தமில்ல. நான்தான் கண்டபடி மடக்கிக் கட்டிட்டேன்."

மேனேஜர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்போ தரம் பாக்காம வாங்கிட்டேன்னு இவர் எதுக்கு எழுதிக் கொடுத்தாரு?"

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கூட்டா? கெடுத்தவருக்கும் இங்க இடமில்ல, பொய் எழுதினவருக்கும் இல்ல. அடையாள அட்டையைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

வாசலில் சீப்பு அவன் கையைப் பிடித்தார். "நான்தான் கெடுத்தேன்னு உனக்குத் தெரியுமா மாப்ள?"

"காலையிலயே அலமாரிக் கதவைத் திறந்து பாத்தேன் மாமா, கேபிளெல்லாம் நெரிஞ்சு கெடந்துது. அக்கா வீட்டுலயாவது அடுப்பு எரியட்டும்னு எழுதிக் கொடுத்தேன்."

"எனக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் தெரிஞ்சுது. சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"அப்பவே சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். சொல்லாமலே இருந்திருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க." அவன் கையை உதறிக்கொண்டான். "நான் கையெழுத்துப் போட்டப்புறம் வந்து சொல்றீங்களே மாமா!"