செவ்வாயில் ஒரே ஒரு ‘நீ’

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறுவருடம், எங்கள் தெரு வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்காக நான் ஒரு நாடகம் எழுதினேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சரக்கு விவரங்கள்தான். எந்தக் கப்பலில் எத்தனை பேல் பஞ்சு, எத்தனை சிப்பம் கருவாடு என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு நாடக ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு பழைய இங்கிலீஷ் சஞ்சிகை. ஏதோ ஒரு கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஆபீஸ் மேசையில் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். செவ்வாய் கிரகத்தில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், தண்ணீருக்குத் தவிக்கிற ஒரு ஜனம் அங்கே இருக்கக்கூடும் என்று அதில் ஒரு கட்டுரை.

தண்ணீருக்குத் தவிக்கிற ஜனம் என்றதும் எனக்கு எங்கள் தெருக் குழாயடிதான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்காரர்கள் தண்ணீர் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். வந்து இறங்குகிற இடம் தூத்துக்குடி. அங்கே ஊரே குடத்தோடு வரிசையில் நிற்கிறது. இதுதான் கதை. எழுதும்போதே நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

வாசகசாலையில் வாசித்துக் காட்டிய அன்று யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய் ராசாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்தவர் ஒரு தண்டல், அதாவது கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியின் தலைவர். கோயில் திருநாள்களில் நாடகம் ஆடிப் பழகிய கடற்கரைக்காரர். அவர் கையை உயர்த்தினார்.

“என்னவே இது? செவ்வாய்லயும் பள்ளிக்கூடத்துத் தமிழா பேசுதான்? நான் கொழும்புல இறங்குனா சிங்களம் பேசுதேன். மலையாளக் கரைக்குப் போனா மலையாளம். வேற கிரகத்துல இருந்து வாரவன் இறங்குன உடனே ‘யாம் வந்தோம்’னா எவன் நம்புவான்?”

அவர் சொன்னது நியாயம். ஒரு பாஷை செய்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்குக் கலியாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. என் மனைவி ஆத்தூர்ப் பெண். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீடு. பகலெல்லாம் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு இந்த வேலை பிடித்துப்போனது. நான் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்று தெலுங்கு மாதிரி இருந்தது. ஒன்று குழந்தை மழலை மாதிரி இருந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

“நம்ம பாசையில எந்தெந்த எழுத்துல வார்த்தை ஆரம்பிக்காது?”

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் நினைவிருந்தது. ண, ழ, ள, ற என்று சொன்னேன். “ங-வும் அப்படித்தான், வந்தா அபூர்வம்.”

“அப்ப அவங்க வார்த்தை பூரா அதுலதான் ஆரம்பிக்கணும். கேட்ட உடனே வேத்தூரு ஆளுன்னு தெரிஞ்சுரும்லா.”

இரண்டு மூன்று சாயங்காலங்களில் பாஷை பிறந்துவிட்டது. ஙோலி என்றால் வணக்கம். ணீசு என்றால் தண்ணீர். றீபு என்றால் போகட்டும், விடு. அவள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். ஒரு வார்த்தையைத் தண்டலிடம் சொன்னதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். அது சிங்களத்தில் வாயில் எடுக்கக்கூடாத சொல்லாம். அதை எடுத்துவிட்டோம்.

‘நீ’க்கு ழூமி என்று வைத்தோம். என் மனைவிக்கு அதில் ஒரு சந்தேகம்.

“நமக்கு நீ, நீரு, நீங்கன்னு மூணு இருக்கே. அங்க ராசாவுக்கும் காவக்காரனுக்கும் ஒரே வார்த்தையா?”

“மூணு வச்சா நடிக்கிறவங்க குழம்பிப் போவாங்க. ஒண்ணு போதும்.”

மனப்பாடம் செய்கிறவர்களின் சிரமத்தை நினைத்து மட்டும்தான் அப்படிச் சொன்னேன். வேறு எந்த யோசனையும் எனக்கு இல்லை.

ராசாவுக்கு மந்திரியாக நடித்தவர் மிளகாய் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி. வாசகசாலைக் கட்டிடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். காவலாளியாக நடித்தவன் அவர் மண்டியிலேயே மூட்டை தூக்குகிற இளைஞன். மாப்பிள்ளையூரணியிலிருந்து நடந்து வருவான். நல்ல உயரம், கணீரென்ற குரல். மண்டியில் அவர் அவனை “ஏலே” என்பார். அவன் “அண்ணாச்சி” என்பான். ஒத்திகையில் முதல் நாள் அவன் அவரைப் பார்த்து “ழூமி” என்று சொல்லவேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டான்.

“சொல்லுலே,” என்றார் அண்ணாச்சி. “செவ்வாய்ப் பாசைதானலே, சும்மா சொல்லு.”

சொன்னான். அவருக்கு ‘ழ’ வராது. “ளூமி” என்று பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஊரில் அது ளூமி என்றே நிலைத்துவிட்டது.

நாடகம் நன்றாக நடந்தது. தண்டல் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, தோணிப் பாய்த் துணியில் தைத்த அங்கியோடு மேடையேறினார். குழாயடி வரிசையில் செவ்வாய் ராசாவையும் ஒரு குடத்தைக் கொடுத்துக் கடைசியில் நிறுத்தும் காட்சியில் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

நாடகம் முடிந்தாலும் பாஷை முடியவில்லை. மறுநாளே தெருவில் ஙோலி கேட்டது. மீன் ஏலத்தில், கேட்ட விலை கிடைக்காதவர்கள் “றீபு” என்று கையை உதறினார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் புழங்கியது ளூமிதான். குழாயடியில் ஏன் அது வேரூன்றியது என்று என் மனைவி விளக்கினாள். யுத்தகாலத்தில் ரங்கூனிலிருந்தும் வேறு எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. பக்கத்தில் நிற்கிறவள் யார், எந்த வீடு, வயது என்ன என்று தெரியாமல் நீ என்பதா நீங்க என்பதா? ளூமி என்றால் ஒரு வம்பும் இல்லை.

எங்கள் வீட்டுக்குள்ளும் அது வந்தது. கலியாணமான நாள் முதல் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இந்தாங்க”, “இங்க பாருங்க” என்பாள். இல்லாவிட்டால் பாத்திரத்தைத் தட்டுவாள். நான் அவளை “ஏளா” என்பேன். ஒருநாள் கொல்லைப்புறத்திலிருந்து, “ளூமி, இந்த வாளியைக் கொஞ்சம் பிடிக்கணும்” என்று சத்தம் வந்தது. நான் வாளியைப் பிடித்தேன். என்னவோ போலிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்குமோ என்று பார்த்தேன். பிறகு அது பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, அவள் “இந்தாங்க” என்றால் கோபமாக இருக்கிறாள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

இப்படிச் சில மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அந்த மூட்டைக்கார இளைஞன் வாசலில் நின்றான்.

“மண்டிக்கு வரவேண்டாம்னுட்டாவ, சார்.”

“என்ன நடந்துது?”

“நேத்து சரக்கு வந்து இறங்குச்சு. ‘ஏலே, அந்த மூட்டையை இங்கன கொண்டாலே’ன்னாவ. ஆளு எல்லாம் சுத்தி நிக்கி. நாடக நெனப்புல, ‘ளூமி ஒரு கை பிடிச்சா வந்துரும்’னு சொல்லிட்டேன். சிரிப்பாவன்னுதான் சொன்னேன். அவுக சிரிக்கல. மத்தவங்க சிரிச்சிட்டாங்க.”

கடைசி வாக்கியத்தை அவன் மெதுவாகச் சொன்னான். காரியம் கெட்டது அங்கேதான் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் வந்தாள்.

“போய்க் கேக்கணும்.”

“அது அவங்க மண்டி. நான் என்னன்னு கேக்க?”

“வார்த்தை நம்ம அடுப்படியில பொறந்தது. அதைச் சொன்னதுக்கு ஒருத்தன் வேலை போயிருக்கு. ளூமிதான் போகணும்.”

தனியாகப் போக எனக்குத் துணிவில்லை. சாயங்காலம் தண்டலைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி எங்களை உட்காரச் சொன்னார். சோடா வாங்கிவரச் சொன்னார். நாங்கள் வந்த காரணம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

“தம்பி, உங்க நாடகத்துல அவன் என்னைய அப்படிக் கூப்பிட்டான். நானும் சிரிச்சேன். மண்டியில கூப்பிட்டா அதுவும் நாடகமா?”

“விளையாட்டாச் சொல்லிட்டான், அண்ணாச்சி.”

“நான் சின்னப்பிள்ளையா இருக்கையில ஓட்டப்பிடாரம் பக்கத்துல இருந்து கருப்பட்டிச் சுமையோட இந்த ஊருக்கு வருவேன். அப்ப என்னைய ஏலேன்னு கூப்பிடாத ஆளு கிடையாது. என்னைவிடச் சின்னவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். மீசை நரைக்கத் தொடங்கின பொறவுதான் நாலு பேரு அண்ணாச்சின்னான். அந்த ஒரு சொல்லைச் சம்பாதிக்க எனக்குப் பாதி ஆயுசு போச்சு. நீங்க ரெண்டு நாள்ல ஒரு பாசையை உண்டாக்கி, அதுல எல்லாரும் ஒண்ணுன்னுட்டீங்க.”

அவர் கோபத்தில் பேசியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் நிதானமாக, ஏதோ வலியைக் காட்டுகிறவர் போலப் பேசினார்.

தண்டல்தான் பேசினார். “நீரு சொல்லுதது எனக்குப் புரியுது வே. ஆனா ஏலேன்னா எப்படி வலிக்கும்னு உமக்குத் தெரியும்லா? தெரிஞ்ச ஆளுதான அதைச் சொல்லாம இருக்க முடியும்?”

அண்ணாச்சி, “சோடாவைக் குடிங்க, வாயு போயிரும்” என்றார். மேற்கொண்டு அதைப்பற்றி ஒரு பேச்சும் இல்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

தண்டல் அந்த இளைஞனைத் தோணியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவனும் தயாராகத்தான் இருந்தான். ஆனால் தோணி பாய் விரிப்பதற்கு முன்பே மண்டியிலிருந்து ஒரு ஆள் வந்து சேதி சொன்னான்: “வேலைக்கு வரலாம்.”

அவன் போனான். அதன்பிறகு அந்த மண்டியில் நடந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அவனை ஏலே என்று கூப்பிடவில்லை. ளூமி என்றும் சொல்லவில்லை. நீ என்றும் இல்லை, நீரு என்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், “அந்த மூட்டை இங்கன வரணும்” என்பார். அவன், “வந்தாச்சு” என்பான். “கதவைச் சாத்தலாம்.” “சாத்தியாச்சு.” யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை, காரியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. மற்ற வேலையாட்களை அவர் எப்போதும்போல ஏலே என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்த ஆண்டுவிழா நெருங்கியபோது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செவ்வாய் நாடகத்தையே திரும்பப் போடலாம், ஆனால் மரியாதைக்கென்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். உத்தரவாக அல்ல, விருப்பமாகத்தான் கேட்டார். நான் வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஒண்ணு சேத்தா அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஆயிரும். அதுக்கு நம்ம பாசையே போதும்லா.”

அதை அண்ணாச்சியிடம் அப்படியே சொல்ல என்னால் முடியவில்லை. ஆபீசில் வேலை அதிகம், எழுத நேரமில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. அந்த வருடம் ஒரு புராண நாடகம் போட்டார்கள். கிரீடங்கள் வாடகைக்கு வந்தன. அண்ணாச்சி ராசாவாக நடித்தார், நன்றாகவே நடித்தார். அந்த இளைஞன் திரை இழுத்தான்.

புது நாடகத்தின் பாட்டுகள் தெருவுக்கு வந்ததும் செவ்வாய் வார்த்தைகள் மெல்லக் குறைந்தன. றீபு மட்டும் மீன் ஏலத்தில் சில காலம் இருந்தது. தண்டல் ஒருமுறை கொழும்பிலிருந்து திரும்பியபோது, அங்கே துறைமுகத்தில் யாரோ ஒருவன் “ஙோலி” என்று சொல்லிக் கயிற்றை எறிந்ததாகவும், அந்த வார்த்தைக்குக் கயிறு என்றுதான் அர்த்தம் என அவன் நினைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாற்பதுகளின் கடைசியில் அந்த மண்டி இளைஞனின் தங்கைக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையூரணியில், அவன் வீட்டு முன்னாலேயே ஓலைப் பந்தல். நானும் என் மனைவியும் கைக்குழந்தையோடு மாட்டுவண்டியில் போயிருந்தோம். அண்ணாச்சி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முகூர்த்தம் முடிகிற நேரத்தில் வந்தார். நாற்காலி கொண்டுவர ஓடினார்கள். அவர் வேண்டாமென்று பந்தியில் தரையிலேயே உட்கார்ந்தார். அந்த இளைஞனே சோற்று வாளியோடு அவர் இலைக்கு முன்னால் வந்தான்.

“சோறு போதும்,” என்றார் அவர்.

“இன்னும் கொஞ்சம் வைக்கலாம்,” என்றான் அவன்.

வைத்தான். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். பெண்ணுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறினார். அவன் பந்தல் கால்வரை பின்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினான்.

வண்டியில் திரும்பும்போது என் மனைவியிடம், “ரெண்டு பேருக்கும் இன்னும் தீரலை போல இருக்கு” என்றேன்.

“தீரலைன்னா எப்படி வந்து தரையில உக்காருவாங்க?” என்றாள் அவள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. உப்பளங்களின் வெயிலில் கண் கூசியது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். வண்டிக்காரர் ஊர் வரும்வரை மாட்டோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.