அக்கா வீட்டு வறண்ட போர்வெல்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் எந்த ஊரின் நிலத்தடி நீர் எளிதில் கெட்டுப்போகும் என்று வரைபடம் போடுவது என் வேலை. மண், பாறை, நீர்மட்டத்தின் ஆழம் எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவோம். மயிலத்துக்குப் பக்கத்தில் என் அக்கா ஊர். மேலே கனமான களிமண், தண்ணீரோ வெகு ஆழத்தில். அதனால் அந்த ஊருக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தோம். பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம்.

போன மாசியில் அந்தப் பக்கம் போனவன், சாப்பிட அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா வீட்டுக்காரர், தோட்டத்தில் வற்றிப்போன பழைய போர்வெல்லுக்குள் ஒரு குழாயைச் சொருகி வைத்திருந்தார். கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவதும், மாட்டுக்கொட்டகை கழுவிய தண்ணீரும் அதன் வழியே நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா மாமா இது?"

"மழைத்தண்ணிய பூமிக்குள்ள வுடுங்கன்னு உங்க ஆளுங்கதானே ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க மச்சான். நான் எல்லாத் தண்ணியும் வுடறேன்" என்றார் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். களிமண்ணுக்கு மதிப்பெண் போட்டு என்ன பிரயோஜனம், அதில் ஓட்டை போட்டு ஊற்றினால்? குடிக்கிற போர்வெல் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா மகள், தாய்ப்பால் போதாமல் அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைக்குப் பவுடர் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்த சோதனைப் பட்டையை எடுத்து நனைத்தேன். கழிவுநீரிலிருந்து இறங்கும் நைட்ரேட் உப்பு, பட்டையில் அடர்ந்த ரோஸ் நிறமாக ஏறியது. கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ந்து மூச்சுத் திணற அது போதும்.

"கொதிக்க வெச்சிதான்டா குடுக்கறோம்" என்றாள் அக்கா.

கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். ஊர் ஊராக இதைச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

கத்தித் தீர்த்தேன். மாமா முணுமுணுத்தபடி அன்றைக்கே குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையை சிமென்ட் போட்டு அடைத்தார். நான் கேன் தண்ணீர் வாங்கி இறக்கி, பிள்ளைக்கு இது மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறு வாரம் போனால், கேன் மூடி திறக்காமல் மூலையில் கிடக்கிறது. பிள்ளை தாயின் மடியில், வாயில் பால் புட்டி.

"எந்தத் தண்ணியில கரைச்சது?"

"நம்ம தண்ணிதான். அதான் அடைச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்கு பேஜாரு பண்றே?" என்றார் மாமா.

மேலே அடைத்துவிட்டால், கீழே போனது எங்கே போகும்? அது சுத்தமாக எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்கே தெரியாது. புட்டியைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். பிள்ளை வீறிட்டு அழுதது, அக்கா மகளும் அழுதாள். பச்சைப்பிள்ளை வாயிலிருந்து பாலைப் பறித்தவன் என்று மாமா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்கிறார். சொல்லட்டும். சொல்லும்போது அவர் இடுப்பில் அந்தப் பிள்ளை இருக்கிறது.