தேங்காயை நம்பினேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலையில், சங்ககிரிக்குப் பக்கத்தில் வீடு கட்டுவதற்காக நாங்கள் வாங்கியிருந்த நிலத்தில் நடந்தது இது. தண்ணீருக்குப் போர் போட இடம் பார்க்க நானும் கணவரும் நான்கு வயது மகளோடு போயிருந்தோம்.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்தபடி நடந்தார். ஓரிடத்தில் அது விருட்டென்று எழுந்து நின்றது. பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் நான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டேன்.

அப்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கிட்டே வந்தார். "ஏனுங்க, அந்த வேலாமரத்துப் பக்கம் புள்ளைய உடாதீங்க. பழைய போர்க்குழி இருக்குதுங்க. மேல சாக்கப் போட்டு மண்ணத் தள்ளியுட்டாங்க."

எனக்கு உடனே சந்தேகம். நாங்கள் வேலி போட்டால் மேய்ச்சல் போய்விடும், அதற்குத்தான் பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன். நிலத்தை விற்றவருக்குப் போன் செய்தேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். ஆடு மேய்க்கறவ பேச்சப் போயி நம்பிக்கிட்டு!" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பொய் சொல்ல அவருக்கும் காரணம் இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த அம்மாவோ நகராமல் அந்த மரத்தடியிலேயே நின்றார். எதையோ ஒளித்து வைத்திருக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

திடீரென்று மகள் ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். அந்த அம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீறிட்டாள்.

"புள்ள மேல எதுக்குக் கை வெக்கற?" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த, தழை பறிக்கும் தொரட்டிக் கம்பை அந்த இடத்து மண்ணில் ஊன்றினார். பாதிக்கு மேல் உள்ளே போனது. மக்கிய சாக்கு கிழிந்து, மண் பொலபொலவென்று சரிந்தது. நான் மகளை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"போன வருசம் என்ற ஆட்டுக்குட்டி ஒண்ணு இதுல உழுந்துருச்சுங்க. அப்பவும் சொன்னேன், ஆரும் நம்பலீங்க," என்றார்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் ஓடிவந்து, பாறாங்கல்லைப் புரட்டி வந்து குழியை மூடினார்கள். "நல்லவேளைங்க டீச்சர், நீங்க கண்டுபுடிச்சீங்க," என்றார் அவர்களில் ஒருவர். அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் மறுக்கவில்லை.

முதலில் அவரை நம்பாததற்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்த பிறகும் "இவர்தான் சொன்னார்" என்று சொல்லாமல் நின்றேனே, அதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.