கதவுப்பிடியில் தொங்கிய தே ஐஸ்

பிள்ளைகளா, வீட்டுக்கு வந்ததும் தே பொட்டலத்தைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன் என்று இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அது வேலையிடத்துப் பழக்கம். கணினிகள் வரிசையாக நிற்கும் அந்தக் குளிர் அறைக்குள் தண்ணீர்கூடக் கொண்டுபோகக் கூடாது. அதனால் என்னோடு வேலை செய்த அக்கா, ரோட்டோர ஒட்டுக்கடையில் தேநீரில் ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே ஐஸைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போவார். வெளியே வரும்போது ஐஸ் கரைந்து பாதி தண்ணீராகியிருக்கும். அதையும் குடிப்பார்.

அக்கா நிபோங் திபால் ஊரிலிருந்து பஸ்ஸில் கடல்பாலம் தாண்டி வருவார். வந்து உட்காரும்போதே களைத்திருப்பார். அவர் என்ஜினியர். நான் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் ஓடவைத்து, அவற்றை வாடகைக்கு விட்டிருந்தோம். ஒரு வாடிக்கையாளர் தன் மெஷினை நிறுத்தவே விடமாட்டார். அதனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா மெமரியைக் கூட்டிக்கொடுத்தார். அதன் பிறகு அது அடிக்கடி ஓட்டம் நின்று விழுந்தது. அவர் கைவைத்ததால்தான் விழுகிறது என்றார் மேனேஜர். வேறு காரணம் காட்டாவிட்டால் அக்காவின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

மெஷின் விழும்போது தன் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டு விழும். டம்ப் என்போம். அதைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். ஆனால் எங்கெங்கே இருப்பதைக் கொட்ட வேண்டும் என்ற கணக்கை, மெஷின் கண்விழிக்கும்போது ஒரே தடவைதான் எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு சேர்த்த மெமரி அதில் இல்லை. கல்யாணத்தில் ஆள் கூடிவிட்டதென்று மேசை போட்டுவிட்டு, பரிமாறுகிறவர்களிடம் சொல்லாமல் விட்டதுபோல. அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "செத்தவன் வாயத் தொறந்து பாதிதான் சொல்றான் தம்பி. மீதிய எவன்கிட்ட லா கேக்குறது?" என்றார்.

மெமரி கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கணக்கு தானாக மாறும்படி எழுத உட்கார்ந்தார். சோதனைக்கென்று ஒரு மெஷினை எழுப்புவோம், ஓடும்போதே மெமரி சேர்ப்போம், வேண்டுமென்றே கவிழ்ப்போம், டம்பைத் திறப்போம். சேர்த்த பகுதி இருக்காது. மறுபடி எழுப்புவோம். இத்தனை கொலை பண்ணிவிட்டு வீட்டில் எப்படிச் சோறு இறங்குகிறது என்று கேட்டேன். "பஸ்ஸுலயே தூங்கிருவேன், சோறு எங்க?" என்றார். ஒருவழியாக டம்ப் முழுசாக வந்தது. நான் கைதட்டப் போனேன். அவர் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார்.

அக்கா எழுதியதை வாடிக்கையாளரின் மெஷினில் போட மேனேஜர் இழுத்தடித்தார். அதற்குள் அக்காவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் எழுதி வைத்துப்போனதைப் போட அப்புறம்தான் அனுமதி வந்தது. அடுத்த தடவை மெஷின் விழுந்தபோது ஒன்று விடாமல் எல்லாம் டம்பில் இருந்தது. வெளியிலிருந்து வாங்கிய டிஸ்க் மென்பொருள், சேர்த்த மெமரியில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதியிருக்கிறது; அதனால்தான் மெஷின் விழுந்திருக்கிறது. அக்கா மேல் தப்பே இல்லை. மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, அப்படியா என்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி தம்பி. இனிமே அங்க வர்ற ஆளு மேல பழி விழாது லா," என்றார். அப்போது அவருக்கு வேறு வேலை அமைந்திருக்கவில்லை.

மறுநாள் ஒட்டுக்கடையில் ஒரு தே ஐஸ் கட்டி வாங்கி, அந்தக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது ஐஸ் கரைந்திருந்தது. நடையில் யாரும் இல்லை. நின்றபடியே முடிச்சை அவிழ்த்து, தண்ணீராய்ப் போன அந்தத் தேயைக் கடைசிவரை குடித்தேன்.