செவுளைத் தொடவிடாத மீன்காரர்

நகரி ரயில் நிலையத்துக்கு வெளியே மொபெட்டில் கடல்மீன் விற்பவர் அவர். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. எல்லோரையும் செவுளைத் தூக்கிப் பார்க்க விடுவார். மீனின் கண்ணைப் பார்த்துவிட்டுச் செவுளுக்குப் போன என் கையை மட்டும் தட்டிவிட்டார். பழைய மீனை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஏன், நான் தொட்டா ஆவாதா?”

“ஈரல் கெட்டவங்க பச்ச மீனத் தொடக்கூடாதுணா. முள்ளு குத்துனா ரத்தத்துல விஷம் ஏறிடும். எனக்கும் அதே நோவுதான், ரெண்டு விரலு போச்சு. நல்லா வேகவெச்சித் துன்னுங்க.”

திருப்பதியில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லாத நோய் இவருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு வாரம் வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பிறகு சவரம் செய்யும்போது கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தது. மீனின் கண்ணை நான் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் கண்ணைப் பார்த்திருக்கிறார்.